உலோகக் குறைவும் முதுமையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குறுவிண்மீன்திரள்களைப் பற்றி (நம் பால்வழியைவிட மிகச் சிறிய விண்மீன்திரள்கள்) மாணவர்களிடையே ஓர் உரை நிகழ்த்த இருக்கிறேன். ‘பிரபஞ்சத்தின் முதல் குழந்தைகள்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். இத்திரள்களில் உலோகம் மிகக் குறைவு என்பதால் அவற்றின் விண்மீன்களே மிகப் பழையவை என்று ஒரு காணொளியில் கேட்டேன். எனக்குள்ள ஐயங்கள் மூன்று. தனியொரு விண்மீனின் வயதை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்? அதன் ஒளி நம்மை வந்தடைய ஆகும் சில லட்சம் ஆண்டுகளை அந்த வயதோடு கூட்ட வேண்டுமா? இத்தனை பழைய விண்மீன்களைச் சுற்றி உயிர்கள் தோன்றியிருக்க வாய்ப்புண்டா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உரைக்கு முன் ஐயம் கேட்கத் தோன்றியதே, அதற்காக உங்களைப் பிடித்துப்போகிறது. ஆனால் தலைப்பை முடிவு செய்துவிட்டு ஐயம் கேட்டிருக்கிறீர்களே, அதற்காகக் கடிந்துகொள்ளவும் வேண்டியிருக்கிறது.

ஒளியின் பயணக் காலத்தைக் கூட்ட வேண்டாம். கரீனா குறுந்திரள் ஏறத்தாழ 3,40,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது; ஆயிரம் கோடி ஆண்டு வயதில் நூறு கோடி ஆண்டு முன்பின்னாக இருந்தாலே நல்ல கணக்கு என்று கொள்ளப்படும் ஒரு துறையில், மூன்றரை லட்சத்தைக் கூட்டுவது வீண்வேலை. உயிர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. விண்மீனின் வயதே பிடிபடாதபோது அதன் கோளில் குடியேற என்ன அவசரம்?

உங்கள் கடிதத்தில் என்னைப் பதில் எழுதவைத்தது, நீங்கள் கேள்வியாகவே கேட்காமல் உறுதியான உண்மையைப்போலப் போகிறபோக்கில் எழுதிச்சென்ற அந்த வரிதான். உலோகம் குறைவு, ஆகவே வயது அதிகம் என்கிற அந்த ‘ஆகவே’ சில காலமாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த எல்லாத் தனிமங்களும் உலோகங்களே என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவை விண்மீன்களுக்குள் சமைந்து, வெடிப்புகளாலும் விண்மீன் காற்றாலும் வெளியேறி, அடுத்த தலைமுறை விண்மீன்களில் சேர்கின்றன. எனவே ஒரே திரளுக்குள், பொதுவாக, முந்திப் பிறந்தவற்றில் உலோகம் குறைவாக இருக்கும். இது உண்மை. ஆனால் எவ்வளவு வேகத்தில் உலோகம் சேரும் என்பது திரளுக்குத் திரள் மாறும். குறுந்திரளின் ஈர்ப்பு வலுவற்றது. சூப்பர்நோவா வெடித்துச் சிதறும்போது சமைத்த உலோகத்தில் பெரும்பகுதி திரளைவிட்டே போய்விடுகிறது. ஆகவே அங்கே நேற்றுப் பிறந்த விண்மீனிலும் உலோகம் குறைவாகவே இருக்க முடியும். லியோ ஏ என்னும் குறுந்திரளின் வாயுவில் உள்ள ஆக்சிஜன், சூரியனில் உள்ளதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஆயினும் அதன் விண்மீன்களில் பத்தில் ஒன்பது பங்கு கடந்த 800 கோடி ஆண்டுகளுக்குள் பிறந்தவை என்று 2007 இல் ஹபிள் தொலைநோக்கியின் தரவுகள் காட்டின. உங்கள் காணொளிக்காரரின் அளவுகோலை அங்கே வைத்தால் என்ன விடை வந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இதற்கு நேர்மாறான அவசரமும் நடந்திருக்கிறது. ஸ்விக்கி 18 என்னும் குறுந்திரளில் உலோகம் மிகமிகக் குறைவு. அது மும்முரமாக விண்மீன்களைப் பெற்றுக்கொண்டும் இருக்கிறது. ஆகவே அது இப்போதுதான் பிறந்த திரள், 50 கோடி ஆண்டுக்கு மேல் வயதில்லை என்று 2004 இல் ஓர் ஆய்வு சொன்னது. 2007 இல் ஹபிள் மேலும் ஆழமாகப் பார்த்தபோது, குறைந்தது நூறு கோடி ஆண்டுகளாவது வாழ்ந்திருந்தால் மட்டுமே காணக்கூடிய செம்பெருமீன்கள் (முதிர்ந்து வீங்கிச் சிவந்த விண்மீன்கள்) அதில் தென்பட்டன. திரளும் எண்ணியிருந்ததைவிடத் தொலைவில், ஏறத்தாழ ஆறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தது. அதே உலோகக் குறைவைக் கொண்டு ஒருவர் முதுமை என்கிறார், இன்னொருவர் குழந்தைமை என்கிறார். சான்று இரண்டு பக்கமும் சாயுமென்றால் அது வயதுக்கான சான்றே அல்ல.

வயது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? தனி விண்மீனில் அல்ல, கூட்டத்தில். முதன்மைத் தொடரில், அதாவது மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் பருவத்தில், இருக்கும் ஒரு சிறு விண்மீன் பல நூறு கோடி ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே நிறத்தில், ஒரே ஒளிர்வில் எரிந்துகொண்டிருக்கும். அதன் முகத்தைப் பார்த்து வயது சொல்ல இயலாது. நிறை மிகுந்த விண்மீன்கள் முதலில் எரிபொருள் தீர்ந்து தொடரைவிட்டு விலகும், பிறகு அடுத்த நிறையுடையவை. ஆகவே ஆயிரக்கணக்கான விண்மீன்களை நிறத்துக்கும் ஒளிர்வுக்கும் ஏற்ப ஒரே வரைபடத்தில் குறித்து, தொடர் எந்த இடத்தில் வளைகிறது என்று பார்க்கிறார்கள். அந்தத் திருப்புமுனைதான் கடிகாரம்.

எனக்கு இதைக் கற்றுத்தந்த ஆசிரியை கரீனாவின் வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டி, அதன் கீழ்ப்பாதியை ஒரு தாளால் மறைத்துவிட்டார். மேலே தெரிந்தது செம்பெருமீன்களின் மெல்லிய ஒற்றைக் கிளை மட்டும். எத்தனை தலைமுறை என்று கேட்டார். முன்வரிசையிலிருந்து ‘ஒன்றே’ என்று உடனே விடை வந்தது. அவர் தாளை எடுத்தார். கீழே திருப்புமுனைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிபோல நின்றன: சில நூறு கோடி ஆண்டு வயதுடையவை மேலே, ஆயிரம் கோடியைத் தாண்டியவை அடியில். இளையவற்றில் உலோகம் சற்றுக் கூடியிருந்ததால் அவற்றின் நிறம் சிவப்புப் பக்கம் தள்ளப்பட்டு, முதியவற்றின் கிளைமீதே வந்து படிந்துவிட்டது. வயதும் உலோகமும் ஒன்றையொன்று மறைக்கும் இந்தச் சூழ்ச்சி தெரியாதவர் குறுந்திரள்களைப் பற்றிப் பேசாமலிருப்பதே நலம் என்று அவர் சொன்னார். உங்களுக்கும் அதையே சொல்வேன், சற்று அன்போடு.

அந்த அடிப்படியை எட்டுவது எளிதன்று. கரீனாவின் முதிய திருப்புமுனை, வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிடவும் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு மங்கலானது. தொலைவை ஐந்து விழுக்காடு தவறாகக் கணித்தாலே வயது நூறு கோடி ஆண்டுபோல நகர்ந்துவிடும். 1944 இல் வானியலாளர் வால்டர் பாடே விண்மீன்களை இளையவை, முதியவை என இரண்டு இனங்களாகப் பிரித்த பிறகு, கோளவடிவக் குறுந்திரள்கள் முழுவதும் முதிய இனமே என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்ததற்கும், இந்த ஆழம் எட்டாமலிருந்தது ஒரு காரணம்.

முழுக்க முழுக்க முதிய குறுந்திரள்களே இல்லை என்று இதைப் படித்துவிடாதீர்கள். ஹெர்குலிஸ், லியோ 4 உள்ளிட்ட ஆறு மிகமங்கலான திரள்களில் திருப்புமுனைவரை ஹபிள் பார்த்தது. 2014 இல் வெளிவந்த முடிவின்படி அவற்றின் விண்மீன்கள் பெரும்பாலும் எம்92 என்னும் மிகப் பழைய விண்மீன் கொத்தின் வயதையே ஒத்தவை. பிரபஞ்சத்தின் முதல் நூறு கோடி ஆண்டுகளில் பரவிய புறஊதா ஒளி அவற்றின் வாயுவைச் சூடாக்கி விரட்டியிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அவை முதியவை என்பது திருப்புமுனையால் நிறுவப்பட்டது. உலோகக் குறைவால் அல்ல.

தலைப்பை மாற்றுங்கள். கரீனாவின் வரைபடத்தை முழுதாகக் காட்டுங்கள், கீழ்ப்பாதியை வெட்டிவிடாமல். டிராகோ என்னும் குறுந்திரளின் வரைபடத்தையும் காட்டினால், திருப்புமுனைக்கு மேலே சில நீல விண்மீன்கள் நிற்பதைப் பார்த்து யாராவது ஒரு மாணவர் ‘இவை இளையவையா?’ என்று கேட்பார். இரண்டு முதிய விண்மீன்கள் இணைந்தோ, ஒன்று மற்றொன்றின் பொருளை உறிஞ்சியோ அப்படி நீலமாகத் தோன்ற முடியும். அவற்றை வானியலாளர் ‘புளூ ஸ்ட்ராக்லர்’ என்பார்கள். கேட்ட மாணவருக்கு அந்த இடத்தில் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.