எந்த நிலையில் மிஸ் ஆகிறது?

கேள்வி: எங்கள் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் 80,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. சில மாதங்களாக ஒரு தொல்லை. அரை மணி நேரம் ஓடியபின், மேட்டுச் சாலையில் உயர் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. அப்போது செக் இன்ஜின் விளக்கு சில விநாடிகள் மினுக்கிவிட்டு நின்றுவிடுகிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. பணிமனையில் ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றி, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தும் பலனில்லை. ஸ்கேனரில் ஒருமுறை பி0302 என்று வந்ததாகச் சொல்லி, இப்போது எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் அனைத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். விட்டு விட்டு வரும் மிஸ்ஃபயரில், அதாவது சிலிண்டரில் எரிதல் தவறும் குறையில், வீண் செலவு பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது: எந்த நிலையில் குறை வருகிறது என்பதை உறுதி செய்யாமலேயே ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டு போகிறார்கள். நீங்களோ அந்த நிலையை மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். நோயறிதலில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

முதலில் பி0302 என்ற அந்தக் குறியீட்டைப் பார்ப்போம். ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிதல் நிகழும்போது கிராங்க் ஷாஃப்டின் வேகம் மிகச் சிறிய அளவில் கூடுகிறது; எரியத் தவறினால் அந்த உந்துதல் இல்லாமல் வேகம் சற்றே தளர்கிறது. கிராங்க் சென்சார் வழியாக இதைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுக் கணினி, தளர்ச்சி எந்தச் சிலிண்டருக்கு உரிய நேரத்தில் வந்தது என்பதைக் கணக்கிட்டுக் குறியீடு எழுதுகிறது. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் ஒழுங்கின்றி வருகிறது. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். அதற்குமேல் குறியீடு எதுவும் சொல்வதில்லை. பொறி வரவில்லையா, எரிபொருள் போதவில்லையா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) குறைவா என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்ஜின் சூடாக இருந்து, குறைந்த சுழற்சியில் அதிகப் பாரம் ஏறும்போது மட்டும் மிஸ் ஆகிறது என்றால் என் சந்தேகம் முதலில், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் மீதுதான் விழும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட, பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. காயிலின் உட்புற மின்காப்பு சூட்டில் தளர்ந்திருந்தாலோ, அதன் ரப்பர் உறையில் நுண்ணிய வெடிப்பு இருந்தாலோ, மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் அருகிலுள்ள உலோகத்துக்குத் தாவிவிடும். காலையில் எல்லாம் குளிர்ந்திருக்கும்போது, லேசான ஓட்டத்தில் இதே காயில் குறையின்றி வேலை செய்யும்.

இதைச் சோதிக்கப் புதிய பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் என்ற அமைப்பு உங்கள் வண்டியில் இருந்தால், இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதின் காயிலையும் இடம் மாற்றுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு, அதே மேட்டில் அதே கியரில் ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் குற்றவாளி அந்தக் காயில்தான். பி0302 ஆகவே நின்றால், அடுத்து பிளக்கையும், அதன்பின் இன்ஜெக்டரையும் இதே முறையில் மாற்றிச் சோதிக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் இடம் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமல் போகும்.

காயிலைக் கழற்றும்போது பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பகுதியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தாற்போல் ஒரு மெல்லிய கருங்கோடு இருந்தால், மின்சாரம் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது என்று பொருள். இந்தத் தடம் ரப்பர் உறையின் உட்புறத்திலும் பதிந்திருக்கும். பழைய உறையை வைத்துக்கொண்டு பிளக்கை மட்டும் மாற்றினால், புதிய பிளக்கிலும் விரைவில் அதே கோடு விழும். பிளக்குகளை மாற்றியும் உங்களுக்குப் பலன் கிடைக்காததற்கு இது காரணமாக இருக்கலாம். பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் இன்ஜினின் மேல்மூடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் டேப்பெட் கவர் காஸ்கெட்டையும் கவனிக்க வேண்டும்.

இன்ஜெக்டர் மீது ஏன் சந்தேகம் எழுந்தது என்பதையும் ஊகிக்க முடிகிறது. எரியத் தவறிய சிலிண்டரிலிருந்து செலவாகாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியேறுவதால், ஆக்ஸிஜன் சென்சார் எரிபொருள் குறைவு என்று காட்டும். கணினியும் எரிபொருளைக் கூட்டும். அந்த அளவுகளைப் பார்ப்பவருக்கு இன்ஜெக்டர் அடைத்திருப்பதாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் குறியீடு ஒரே ஒரு சிலிண்டரைச் சுட்டும்போது நான்கையும் மாற்றச் சொல்வதில் நியாயமில்லை.

ஒரு வேண்டுகோள்: குறியீட்டை அழிப்பதற்கு முன் அதனுடன் பதிவாகியிருக்கும் விவரங்களை, அதாவது அந்த நொடியின் சுழற்சி வேகம், பாரம், கூலன்ட் வெப்பநிலை ஆகியவற்றை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இவை அழிந்துவிடும்.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு மினுக்கும்போது தொடர்ந்து ஓட்டலாமா?

பதில்: கூடாது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சேதப்படுத்தும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்தால், அதன் உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகக்கூடும். உடனே ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, தாழ்ந்த கியருக்கு மாறுங்கள். அப்போதும் மினுக்கினால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள்; காய்ந்த புல்லின் மேல் மட்டும் நிறுத்த வேண்டாம், அடிப்பகுதி கடும் சூட்டில் இருக்கும்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் இன்ஜின் குலுங்குகிறது, பிறகு சீராகிவிடுகிறது. கூலன்ட் மெல்லக் குறைகிறது; ஆனால் வெளியே ஒழுக்கு எதுவும் இல்லை. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் காஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வண்டியை நிறுத்தியபின் எஞ்சியிருக்கும் அழுத்தத்தில் கூலன்ட் சிறிது சிறிதாகச் சிலிண்டருக்குள் கசிந்து, காலையில் எரிதலைக் கெடுக்கிறது. ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், ஒன்று மட்டும் ஈரமாகவோ, கழுவியது போலப் பளிச்சென்றோ இருக்கலாம். கூலன்ட் அமைப்புக்கு அழுத்தச் சோதனை செய்து, சிலிண்டருக்குள் சிறு கேமராவை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கூலன்ட் அளவையும் வெப்பமானியையும் கவனித்தபடியே இருங்கள், சூடான நிலையில் மூடியைத் திறக்காதீர்கள். இன்ஜின் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டால் சிலிண்டர் ஹெட்டே வளைந்துபோகலாம் என்பதால், சோதனையை இந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள்.