கார் ஷெட்டை அறையாக்க அனுமதி வேண்டுமா?

கேள்வி: காரை விற்றபின் எங்கள் வீட்டை ஒட்டிய கார் ஷெட் சும்மா கிடக்கிறது. ரோலிங் ஷட்டரை எடுத்துவிட்டுச் சுவர் வைத்து, சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளியூர் நோயாளிகளின் உறவினர்களுக்கு வாடகைக்கு விட எண்ணுகிறோம். சுவரும் கூரையும் ஏற்கெனவே இருப்பதால் அனுமதி தேவையில்லை என்கிறார் மேஸ்திரி. அது சரியா?
வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: சரியல்ல. பூச்சு, வெள்ளையடிப்பு, தரை மாற்றுதல் போன்ற பராமரிப்பு வேலைகளுக்குத்தான் அந்தச் சலுகை. வரைபடத்தில் வாகன நிறுத்தமாகக் காட்டிய இடத்தை ஆள் தங்கும் அறையாக்குவதற்கு, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்கீழ், திருத்திய வரைபடத்தோடு மாநகராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும்.

முதலில் வீடு கட்டியபோது ஒப்புதல் பெற்ற பழைய வரைபடத்தைத் தேடி எடுங்கள். மனையின் பக்கவாட்டில் விட்டிருக்க வேண்டிய காலியிடத்தில் பிற்பாடு தகரம் போட்டு எழுப்பிய ஷெட் என்றால், அதை அறையாக்க அனுமதி கேட்கப்போய், ஷெட்டே விதிமீறல் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

வரைபடத்தில் உள்ள ஷெட்தான் என்றால் அடுத்த சிக்கல் உயரம். தேசியக் கட்டட நெறித்தொகுப்பு கார் ஷெட்டுக்கு 2.4 மீட்டர் உயரம் போதும் என்கிறது. குடியிருக்கும் அறைக்கோ 2.75 மீட்டர், அதாவது ஏறத்தாழ 9 அடி கேட்கிறது. கார் ஏறி இறங்க வசதியாகத் தெருமட்டத்தில் போட்ட தரையை, மழைநீர் புகாமலிருக்க நீங்கள் ஓரடி உயர்த்தினால், இருக்கும் உயரமும் குறைந்துபோகும். ஷட்டரை அடைத்தபின் காற்று வர ஜன்னலும் வேண்டும். கத்திரி வெயிலில் வேலூர்த் தகரக் கூரையின் கீழ் எந்த நோயாளியின் உறவினரும் இரண்டாம் நாள் தங்கமாட்டார்.

ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டால் அது குடியிருப்பு. நாள் கணக்கில் ஆள் மாற்றி விடுவது தங்கும் விடுதித் தொழில். மின் கட்டணமும் சொத்து வரியும் வணிகப் பயன்பாட்டுக்கு உரிய விகிதத்துக்கு மாறும். 2,500 சதுர அடி வரையுள்ள மனைகளுக்கு 2024இல் வந்த, உரிமையாளரே சான்றளித்து அனுமதி பெறும் சுயசான்று முறையும் குடியிருப்புக் கட்டடங்களுக்கானதே. விடுதிக்கு அதைக் காட்ட இயலாது.

ஷட்டரைக் கழற்றுமுன் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து, பழைய வரைபடத்தைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.