திருகின் முனை பொருந்தவில்லை: நட்டம் யாருடையது?

கேள்வி: புதுக்குடியிருப்பில் சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். முதிரைக் கதவுகளில் பூவேலை செதுக்குவதற்குச் சீஎன்சி றவுட்டர் (கணினி இயக்கும் செதுக்கு இயந்திரம்) ஒன்றை நானே வடிவமைத்துப் பொருத்தி வருகிறேன். 16 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. புரியும் கொண்ட போல் ஸ்குருவின் (குண்டுகள் மேல் நட்டு ஓடும் திருகின்) முனையைக் கடைந்து தருமாறு, அந்த முனையைத் தாங்கும் பீ.கே. 12 பெயாரிங் கட்டையையும் கையோடு கொடுத்து, வவுனியாவில் ஒரு லேத் பட்டறையில் ஒப்படைத்தேன். திரும்பி வந்த முனை பெயாரிங்குக்குள் ஆடுகிறது. வேணியரில் 11.93 மி.மீ. காட்டுகிறது. முனையிலிருந்து இரண்டு விரற்கடைக்கு நீலம் பாரித்துமிருக்கிறது. வரைபடத்தில் 12 என்றுதான் இருந்தது என்கிறார்கள். சிட்டையில் ‘செய்த வேலை திருப்பி ஏற்கப்படாது’ என்ற முத்திரையும் உண்டு. நட்டம் யாருடையது?

பதில்: வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்வதானால் பட்டறையின் பக்கமே சாய வேண்டியிருக்கும். விலகல் எதுவும் குறிக்காமல் 12 என்று மட்டும் எழுதும்போது, ஐ.எஸ்.ஓ. 2768 தரத்தின் நடுத்தர வகுப்பின்படி 0.2 மி.மீ. கூடவோ குறையவோ இடமுண்டு; 11.93 அதற்குள் அடங்கிவிடுகிறது. கதவு நிலைக்கு அந்தத் தாராளம் போதும், பெயாரிங் உட்காரும் இடத்துக்கு ஆகாது. அங்கே ‘12 எச்6’ என்று (ஆங்கிலச் சிறிய எழுத்தில், 12 h6) எழுதியிருக்க வேண்டும், 12.000க்கு மேற்படாமலும் 11.989க்குக் குறையாமலும் கடைய வேண்டும் என்பது அதன் பொருள்.

ஆனால் நீங்கள் பெயாரிங்கையும் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தின் பலம் அதுதான். பெயாரிங்கைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வேலையை ஏற்ற பட்டறை, அதில் பொருந்துமாறு கடைந்து தரவே ஒப்புக்கொண்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், காசு வாங்கிச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. சிட்டையில் குத்திய முத்திரை அந்தப் பொறுப்பை அழித்துவிடாது. தொழிலுக்காக வாங்கியதால் நீங்கள் பாவனையாளர் அல்லர் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

கேட்கப் போவதற்கு முன், மைக்குரோமீற்றர் ஒன்றை இரவல் வாங்கி, முனையை மூன்று இடங்களில், ஒவ்வோரிடத்திலும் சற்றுத் திருப்பி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண டிஜிட்டல் வேணியர் 0.02, 0.03 மி.மீ. வரை பொய் சொல்லக்கூடும். இங்கே சண்டையே 0.07க்காகத்தான். அதே பொழுதில் பெயாரிங்கை முனையில் இறுக்கும் நட்டையும் போட்டுப் பாருங்கள். பீ.கே. 12இன் நட்டுக்கு 1 மி.மீ. இடைவெளி கொண்ட நுண்புரி வேண்டும், சாதாரண 12 மி.மீ. போல்ற்றின் புரியோ 1.75. இரண்டையும் மாற்றி வெட்டிவிடுகிற பட்டறைகள் இருக்கின்றன.

நீலம் என்பது சூட்டின் தடயம். போல் ஸ்குருவின் மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட உருக்கு. சாதாரண லேத் உளி அதில் வழுக்கும். கார்பைட் உளியால் கவனமாக வெட்டலாம், அல்லது முதலில் கடுந்தோலை அரைத்தெடுக்கலாம். அந்த வசதி இல்லாதவர்கள் வாயு விளக்கால் முனையைக் காய்ச்சி மென்மையாக்கிவிட்டு வெட்டுவார்கள். ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் உருக்கு நீலம் காட்டும், கடினமும் அங்கே குறையும். வெட்டிய முனையோடு நீலம் நின்றுவிட்டால் பெரிய கேடில்லை. குண்டுகள் ஓடும் பள்ளத்துக்குள் ஏறியிருந்தால், குண்டுகளோடு திருகின் மேல் ஓடும் பெரிய நட்டு அவ்விடம் வரை போகுமா என்று பாருங்கள். போகுமானால் அந்தப் பகுதி சீக்கிரம் தேயும். சமதளக் கண்ணாடி மேல் திருகை உருட்டிப் பார்த்தால், சூட்டில் வளைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

திருகில் மிச்ச நீளம் இருக்குமானால், பழுதான முனையை வெட்டி நீக்கிவிட்டு, சூடு காட்டாமல், கூலியின்றி மறுபடி கடைந்து தரும்படி கேட்பதே நியாயம். வரைபடத்தில் உங்கள் பங்கும் இருப்பதால் நீளத்தின் நட்டத்தை நீங்கள் ஏற்கலாம். நீளம் போதாவிட்டால் திருகின் விலையில் ஒரு பங்கைக் கேளுங்கள். முழு விலையையும் கேட்பது என் கணிப்பில் மிகை. மறுத்தால், மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும்; அந்தக் காலம் வேலை முடிந்த நாளிலிருந்து ஓடுகிறது. 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். இணக்க சபைக்குப் போவதும் ஒரு வழி. பெயாரிங் கொடுத்ததற்குச் சிட்டையில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இல்லாவிட்டால் தொலைபேசிச் செய்திகளை அழித்துவிட வேண்டாம்.

அடுத்த திருகை முனை கடைந்த நிலையிலேயே வாங்குங்கள். நீளத்தையும் ‘ஒருபுறம் பீ.கே. 12, மறுபுறம் பீ.எப். 12’ (மறுமுனையைத் தாங்கும் கட்டை) என்பதையும் சொன்னால் போதும், விற்பவர்களே அளவாகக் கடைந்து அனுப்புவார்கள். அலுமினியத் தகடுகளைத் துளைப்பதற்கும் மட்டம் எடுப்பதற்கும் உள்ளூர்ப் பட்டறையை நாடுவதில் தவறில்லை.

கேள்வி: மாங்குளத்திலிருந்து எழுதுகிறேன். சீஎன்சி இயந்திரத்துக்கான மோட்டர் வருவதற்கு முன்பே, அதைப் பொருத்தும் தகட்டையும், அதன் தண்டைத் திருகோடு இணைக்கும் கப்ளிங்கையும் செய்வித்துவிடலாமா? நேமா 23 என்பது மட்டுமே தெரியும்.

பதில்: தகட்டைச் செய்விக்கலாம். நேமா 23 என்பது மோட்டரின் முகத்துக்கான அளவு: நான்கு துளைகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவுக்கு நடு 47.14 மி.மீ., நடுவில் புடைத்த வட்டம் 38.1 மி.மீ. வரைபடத்தில் 47 என்று சுருக்கி எழுதிவிட வேண்டாம். தண்டின் விட்டத்தை அந்தப் பெயர் நிர்ணயிப்பதில்லை, 6.35 மி.மீ. தண்டோடும் வரும், 8 மி.மீ. தண்டோடும் வரும். ஆகவே மோட்டர் கைக்கு வந்து தண்டை அளக்கும் வரை கப்ளிங்குக்குக் காசு கட்ட வேண்டாம்.