16 பிட் மாட்யூல் வாங்கியும் அளவு ஏன் ஆடுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏ.டி.எஸ். 1115 என்ற 16 பிட் அனலாக்-டிஜிட்டல் மாற்றி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப்) மாட்யூலைப் பற்றியவை. பிட் கூடினால் துல்லியமும் தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கை பல கேள்விகளில் தெரிகிறது. வயரிங் சரியில்லாத இடத்தில் கூடுதல் பிட்டுகள் இரைச்சலைத்தான் இன்னும் நுணுக்கமாக அளந்து காட்டும்.

ஆர்டுயினோ ஊனோ போர்டிலேயே அனலாக் பின்கள் இருக்கும்போது தனி மாட்யூல் எதற்கு?

பல வேலைகளுக்குத் தேவையே இல்லை. ஊனோவின் மாற்றி 10 பிட்; 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். திருகு குமிழ், வெளிச்சம், மண் ஈரம் போன்றவற்றுக்கு இது தாராளம். எல்.எம். 35 வெப்ப சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், அரை டிகிரிக்குக் கீழ் பார்க்க முடியாது. அதற்கும் உடனே மாட்யூல் வாங்க வேண்டாம். நிரலில் ஒப்பீட்டு மின்னழுத்தத்தை (மாற்றி அளக்கும் உச்ச எல்லையை) ஊனோவின் சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட்டுக்கு மாற்றினால் படி 0.1 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். காசு செலவில்லாத இந்த வழியை முதலில் செய்து பாருங்கள்.

இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான சிறு வேறுபாட்டை அளக்க வேண்டுமென்றாலோ, அனலாக் பின்னே இல்லாத ராஸ்பெர்ரி பை சிறு கணினியைப் பயன்படுத்தினாலோ மாட்யூலை வாங்குங்கள்.

மாட்யூலின் அளவீட்டு வரம்பில் 6.144 வோல்ட் என்று இருக்கிறது. 6 வோல்ட் பேட்டரியை நேராக இணைக்கலாமா?

கூடாது. சிப் கெட்டுவிடலாம். அந்த எண் கணக்குக்கான முழு அளவு மட்டுமே. உள்ளீட்டில் வரும் மின்னழுத்தம் மாட்யூலுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைவிட 0.3 வோல்ட்டுக்கு மேல் ஒருபோதும் உயரக்கூடாது. மாட்யூல் 3.3 வோல்ட்டில் ஓடினால் உள்ளீட்டின் எல்லையும் கிட்டத்தட்ட அதுதான்.

12 வோல்ட் பேட்டரியை அளக்க 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம் மின்தடைகளால் மின்னழுத்தத்தைப் பதினொன்றில் ஒரு பங்காக்குங்கள். சார்ஜ் ஏறும்போது 15 வோல்ட் வந்தாலும் சிப்புக்குப் போவது 1.36 வோல்ட்தான். 2.048 வோல்ட் வரம்பை வைத்துக்கொள்ளலாம்.

பிரெட்போர்டில் எதையும் தொடாமலே அளவு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. மாட்யூல் பழுதா?

பெரும்பாலும் இல்லை. 4.096 வோல்ட் வரம்பில் ஒரு படி 125 மைக்ரோவோல்ட். ஓரிரு படி ஆடினால் விட்டுவிடுங்கள். நூற்றுக்கணக்கில் ஆடினால் முதலில் கிரவுண்ட் வயரைப் பாருங்கள். பத்தில் ஒன்பது சிக்கல் அங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. மோட்டார் 500 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, அதன் கிரவுண்டும் சென்சாரின் கிரவுண்டும் ஒரே மெல்லிய வயரில் போகின்றன, வயரின் தடை 0.1 ஓம் என்று வையுங்கள். அந்த வயரிலேயே 50 மில்லிவோல்ட் விழுகிறது. அதாவது 400 படிகள்! மோட்டாருக்கும் ரிலேவுக்கும் தனி வயர் எடுத்து, மின்சாரம் நுழையும் இடத்தில் மட்டும் எல்லாக் கிரவுண்டையும் சேருங்கள்.

அடுத்து, எதனுடனும் இணைக்காத சேனலை (உள்ளீட்டுப் பின்னை) படிக்கிறீர்களா என்று பாருங்கள். அந்தரத்தில் நிற்கும் பின் ஏதாவது ஒரு எண்ணைக் காட்டத்தான் செய்யும். அதற்குப் பொருள் கிடையாது. சென்சார் வயர் நீளமாக இருந்தால் உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சிப்புக்கு அருகே வையுங்கள்.

இதற்குப் பிறகும் சீரான அலைபோல் ஆடினால் அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் சாயல். ஒரு சுற்று 20 மில்லி செகண்ட். நொடிக்கு 250 அளவுகள் எடுக்கும் வேகத்தில் 25 அளவுகளைச் சராசரி எடுத்தால் சரியாக ஐந்து சுற்றுகள் அடங்கி, ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கண்டபடி பத்து அளவுகளைக் கூட்டி வகுப்பதைவிட இது பல மடங்கு மேல்.

சுழி வோல்ட் கொடுத்தால் சில சமயம் 65535 என்று வருகிறது.

சிப் அனுப்பியது −1. நீங்கள் அதைக் குறியில்லாத மாறியில் வாங்குகிறீர்கள். 16 பிட் குறியுள்ள முழு எண்ணாக மாற்றினால் சரியாகிவிடும். கிரவுண்டை ஒட்டி அளக்கும்போது 0 முதல் 32767 வரைதான் பயன்படுவதால் உண்மையில் கிடைப்பது 15 பிட் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒருவேளை வரும் எண்கள் அனைத்துமே 16ஆல் மீதியின்றி வகுபட்டால், பலகையில் இருப்பது 12 பிட் ஏ.டி.எஸ். 1015 சிப்பாக இருக்கலாம்.

ஈ.எஸ்.பி. 32இல் வைஃபை இணைந்ததும் சென்சார் அளவு வருவதில்லை.

இந்த வைஃபை போர்டில் இரண்டு மாற்றிகள் உண்டு; உங்கள் சென்சார் இரண்டாம் மாற்றியின் பின்னில் இருக்கிறது. வைஃபை அதைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். முதல் மாற்றிக்குரிய 32 முதல் 39 வரையிலான பின்களில் உங்கள் போர்டில் வெளியே எடுத்திருப்பது ஒன்றுக்கு மாற்றுங்கள்.

ராஸ்பெர்ரி பையில் மாட்யூலை 5 வோல்ட்டில் ஓட்டலாமா?

வேண்டாம், 3.3 வோல்ட் கொடுங்கள். மாட்யூலில் உள்ள புல்-அப் மின்தடைகள் தரவு வயர்களை அதே மின்னழுத்தத்துக்கு இழுக்கும். பையின் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கமாட்டா.

நான்கு சேனல் போதவில்லை.

தரவு, கடிகாரம் என்ற ஒரே இரண்டு வயர்களில் நான்கு மாட்யூல்கள் வரை இணைக்கலாம். ஒவ்வொன்றின் முகவரிப் பின்னையும் முறையே கிரவுண்ட், மின்சாரம், தரவு, கடிகாரம் ஆகியவற்றில் வெவ்வேறொன்றுடன் சேர்த்துவிட்டால் 16 சேனல்கள் கிடைக்கும்.