வாசகர் கேள்வி: குரல் தெளிய ஈக்வலைசர்

கேள்வி: வீட்டில் கன்டென்சர் மைக் வைத்து ரீப்பர் மென்பொருளில் பாடிப் பதிகிறேன். சுருதி ஐந்து கட்டை. குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. ட்ரெபிளை ஏற்றினால் ‘ச’, ‘ஸ’ எல்லாம் காதைக் கீறுகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ட்ரெபிளை முதலில் பழைய இடத்துக்கே இறக்கிவிடுங்கள். ‘ஸ’வின் சீறல் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை இருப்பது, அங்கே ஏற்றினால் அதுதான் முந்திக்கொண்டு வரும். உங்கள் கோளாறு கீழே இருக்கிறது.

டிராக்கில் எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்தி ரீப்பரின் சொந்த ஈக்வலைசரான ரியாஈக்யூவைச் சேருங்கள். அதில் முதல் பேண்டின் (அலைவரிசைத் துண்டின்) வகையை, கீழ்ச் சத்தத்தை வெட்டும் ஹைபாஸ் என்று மாற்றி 90 ஹெர்ட்ஸில் வையுங்கள். மேஜை அதிர்வும் ‘ப’கரம் மைக்கில் மோதும் சத்தமும் அடங்கும். இதற்கு மேலே ஏற்ற வேண்டாம். ஐந்து கட்டையில் ஆதார சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 147. மின்சார ரீங்காரத்தைப் போக்க 150 ஹெர்ட்ஸில் நாட்ச் (ஒரு சிறு இடத்தை மட்டும் ஆழமாக வெட்டும் வடிகட்டி) போடுகிறவர்கள் உண்டு. உங்கள் பாட்டில் அது மந்திர பஞ்சமத்தையே விழுங்கிவிடும். ரீங்காரம் இருந்தால் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள்.

பானைச் சத்தம் பொதுவாக 250 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். இரண்டாம் பேண்டின் அகலத்தை அரை ஆக்டேவாக (அரை ஸ்தாயியாக) குறுக்கி, 8 டெசிபல் ஏற்றி, பாட்டை ஓடவிட்டு அந்த எல்லைக்குள் மெல்ல நகர்த்துங்கள். எங்கே மிக மோசமாகக் குமுறுகிறதோ அங்கே நிறுத்தி, அகலத்தை ஒரு ஆக்டேவாக்கி, 3 அல்லது 4 டெசிபல் குறையுங்கள். இவ்வளவு ஏற்றினால் எந்த இடமும் கொஞ்சம் அசிங்கமாகத்தான் கேட்கும். ஆகவே ஈக்வலைசரை அணைத்தும் போட்டும் ஒப்பிட்ட பிறகே முடிவு செய்யுங்கள். ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே சத்த அளவு இருக்கட்டும். சத்தம் கூடியதே நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும்.

6 டெசிபலுக்கு மேல் குறைத்தும் குமுறல் போகவில்லையா? அது பெரும்பாலும் அறையின் எதிரொலி. எந்த ஈக்வலைசராலும் அதை எடுக்க முடியாது. சுவரை விட்டு விலகி, பின்னால் கனமான போர்வை தொங்கவிட்டு, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாடிப் பதியுங்கள். மிக நெருங்கிப் பாடினாலும் மைக் அடிக்குரலைப் பெருக்கும்.

கேள்வி: ஈக்வலைசர் போட்டபின் எக்ஸ்போர்ட் செய்த கோப்பு உச்சஸ்தாயியில் கரகரக்கிறதே?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஏற்றிய டெசிபல் உச்சத்தையும் ஏற்றியிருக்கும். மாஸ்டர் மீட்டர் 0-வைத் தாண்டிச் சிவந்தால், சிவப்பு வராதபடி மாஸ்டரை இறக்கி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பதியும்போதே கரகரத்திருந்தால் மீண்டும் பாடுவதுதான் வழி.