எச்4-ல் வேலை அனுமதி: முதலில் கணவரின் ஐ-140

கல்யாணமாகி எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கிறது) அமெரிக்கா வந்திருக்கேன், ஒரு கம்பெனி கூப்பிடுது, உடனே சேரலாமான்னு கேட்டிருக்கீங்க. சேராதீங்க. ஈஏடி எனும் வேலை அனுமதி அட்டை கைக்கு வந்து, அதில் போட்டிருக்கிற தேதி தொடங்கின பிறகுதான் வேலை. விண்ணப்பிச்ச ரசீது மட்டும் போதாது.

அதுக்கு முன்னாடி கணவர்கிட்ட ஒரே கேள்வி: ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடுற மனு) அப்ரூவ் ஆயிடுச்சா? ஆகியிருந்தா ஐ-765 (ஈஏடிக்கான விண்ணப்பம்) போடலாம், அதில் குறிக்க வேண்டிய வகை சி26. 2015-ல வந்த விதி இது. கையில வேலை இருக்கணும்னு அவசியமே இல்லை, அதனால இன்னைக்கே போடுங்க. ஆகலைன்னா, அவர் ஆபீஸ் எச்ஆரை நச்சரிக்கச் சொல்லுங்க.

தெரிஞ்ச எல்2 விசா (கம்பெனி மாற்றலில் எல்1-ல வந்தவரின் துணைக்கானது) பெண் அட்டையில்லாமலே வேலைக்குப் போறாங்களேன்னு குழம்பாதீங்க. அவங்க ஐ-94-ல (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு) 'எல்2எஸ்'னு இருக்கும், அதுவே அனுமதி. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.