ஸ்விண்டன் வரிசை வீடுகளும் மாட்டுங்கா குவார்ட்டர்ஸும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்ற ஊரில் உள்ள பழைய ரயில்வே தொழிலாளர் குடியிருப்பின் படங்களைப் பார்த்தேன். அழகான கல் வீடுகள். என் தாத்தா மும்பையில் ரயில்வேயின் மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸை இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. "அதில் காப்பாற்ற என்ன இருக்கிறது, அது என்ன அரண்மனையா?" என்கிறார் அப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சு., டோம்பிவிலி

அன்புள்ள சு.,

உங்கள் அப்பா கேட்பது நியாயமான கேள்வி. ஸ்விண்டன் வீடுகளும் அரண்மனை இல்லை. 1840களில், லண்டனிலிருந்து மேற்கே ரயில் விட்டு ஸ்விண்டனில் பட்டறை போட்ட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி பணமுடையில் இருந்தது. ரிக்பி என்ற காண்ட்ராக்டர்கள் ஸ்டேஷனையும் சுமார் 300 வீடுகளையும் தங்கள் கைக்காசில் கட்டித்தர முன்வந்தார்கள், அதற்குப் பதிலாக ஸ்டேஷன் சிற்றுண்டிச்சாலை அவர்களுக்குக் குத்தகை, ரயில்கள் அங்கே பத்து நிமிடம் நின்றுதான் போக வேண்டும். அந்தக் குத்தகையிலிருந்து விடுபட 1895-இல் கம்பெனி ஒரு லட்சம் பவுண்டு அழ வேண்டியிருந்தது. வீடுகளோ சின்னவை, ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

நான் அங்கே மதிப்பது முகப்பை அல்ல, அமைப்பை. முன்னால் துண்டுத் தோட்டம், பின்னால் சின்ன முற்றம், அதற்கும் பின்னால் சந்து. ஒரு பக்கத் தெருக்களுக்கு பிரிஸ்டல், எக்ஸிடர், டான்டன் என்று மேற்கே உள்ள ஊர்களின் பெயர், மறுபக்கம் லண்டன், ரீடிங். தெருப்பெயரை வைத்தே ரயில் எந்தத் திசையில் போகிறது என்று சொல்லிவிடலாம்! நடுவில் தொழிலாளர்களின் மன்றம். 1847-இல் சம்பளத்தில் பிடித்த காசில் ஒரு மருத்துவ நிதி தொடங்கினார்கள், 1948-இல் அரசின் தேசிய மருத்துவச் சேவை வரும்வரை அது நடந்தது. வீட்டை மட்டும் படம் பிடித்தால் இதெல்லாம் தெரியாது.

சரி, எப்படித் தப்பித்தது? 1966-இல் நகராட்சியே வாங்கிப் பழுதுபார்த்தது, இன்றும் அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். இங்கிலாந்திலேயே டார்பி நகரில் பிரான்சிஸ் தாம்சன் வடிவமைத்த ரயில்வே வீடுகளை ஒரு அறக்கட்டளை சீராக்கி, குடியிருக்க விற்று, அந்தப் பணத்தில் அடுத்த பழைய கட்டடத்துக்குப் போனது. இரண்டு இடத்திலும் வீடு வீடாகவே இருந்தது, அதனால்தான் நின்றது என்பது என் எண்ணம்.

மாட்டுங்காவுக்கு வருவோம். அந்த ஒர்க்‌ஷாப் 1915-இல் வந்தது. சங்கு ஊதினால் காதில் விழ வேண்டும், நடந்தே ஷிப்டுக்குப் போய்ச் சேர வேண்டும், குவார்ட்டர்ஸுக்கு இடம் பார்த்ததில் இந்தக் கணக்கு இருக்கிறது. அப்புறம் மழை. மும்பையில் நாலு மாதம் கொட்டுகிற மழைக்கு வராந்தா இல்லாத வீட்டில் ஈரத்துணியை எங்கே போடுவது? பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றில் வராந்தாவின் மரச்சட்டக் கிராதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், பெயின்ட் பூசிப் பூசி ஓட்டைகள் பாதி அடைந்திருந்தன, கீழ்ச்சட்டம் மட்டும் பிள்ளைகள் ஏறி நின்றதில் வழவழவென்று தேய்ந்திருந்தது. எந்த வரைபடத்திலும் அது வராது.

எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கச் சொல்ல மாட்டேன், ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவர்களிடம் அப்படிப் பேச எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அளந்து வரையாமல் இடிப்பது அநியாயம். அப்பாவிடம் ஒரு தாள் கொடுத்து வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள்: குழாய் எங்கே, கரியடுப்பு எங்கே, நைட் ஷிப்டு முடிந்து வந்த தாத்தா பகலில் எந்த மூலையில் தூங்கினார். இடிப்பதற்கு முன் நீங்கள் டேப்போடு போய் அதைச் சரிபாருங்கள். முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இந்தத் தளத்திலேயே போடுகிறேன்.